மரியாதை விகுதியும் மதிப்பும்: மூன்று இந்திச் சிறுகதைகளில் முதியோரைச் சுட்டும் மொழி

1. முன்னுரை

இந்திய மொழிகள் பலவற்றில் மரியாதைப் பன்மை வழங்குகிறது. இந்தியில் முன்னிலை இடப்பெயர்கள் தூ, தும், ஆப் என மூன்று படிகளில் அமைகின்றன; படர்க்கையில் ஒருவரையே சுட்டும்போதும் வினை பன்மை வடிவம் கொள்வதுண்டு. தமிழில் நீ, நீர், நீங்கள் என்னும் வேறுபாடும், அவன், அவள் ஆகியவற்றிற்கு எதிராக அவர் என்னும் வடிவமும் இதே பணியைச் செய்கின்றன. பிரவுன், கில்மன் ஆகிய இருவரும் 1960இல் வெளியிட்ட கட்டுரை இத்தகைய வடிவங்களை அதிகாரம், நெருக்கம் என்னும் இரு அடிப்படைகளில் விளக்கியது. அதன் பின்னர் இந்திய மொழிகளின் மரியாதை வடிவங்கள் குறித்து ஆய்வுகள் பல நிகழ்ந்துள்ளன.

இவ்வாய்வுகளைப் பயில்வோரிடையே ஓர் எண்ணம் எளிதில் இடம்பெற்றுவிடுகிறது. முதியவர்க்கு மரியாதை வடிவம் கட்டாயமாக இருக்கும் மொழிச் சமுதாயம் முதியவரை மதிக்கும் சமுதாயமாகவே இருக்கும் என்பது அது. இலக்கணக் கூறு ஒன்றிலிருந்து சமுதாய உண்மை ஒன்றை நேரடியாகப் பெறும் இம்முறை எந்த அளவிற்குப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது. முதுமையைப் பொருளாகக் கொண்ட மூன்று இந்திச் சிறுகதைகளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அவை பிரேம்சந்தின் 'பூடீ காகீ', பீஷ்ம சாஹ்னியின் 'சீஃப் கீ தாவத்', உஷா பிரியம்வதாவின் 'வாப்சி' ஆகியன. மூன்றிலும் முதியவர் புறக்கணிக்கப்படுகிறார். ஆயினும் அவரைச் சுட்டும் மரியாதை வடிவங்கள் பெரும்பாலும் குலையாமல் நிற்கின்றன. இம்முரண்பாடே கதைகளின் பொருள் என்பதும், தமிழாக்கத்தில் முதலில் இழக்கப்படக்கூடியதும் இதுவே என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. பெயரற்ற உரிமையாளர்

பிரேம்சந்த் (1880–1936) எழுதிய 'பூடீ காகீ' என்னும் தலைப்பை 'முதிய சித்தி' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். கதைத்தலைவி கணவனையும் மக்களையும் இழந்தவர். எஞ்சிய உறவினனான புத்திராமின் பெயருக்குத் தம் சொத்து முழுவதையும் எழுதித் தந்துவிடுகிறார். எழுதும்வரை தாராளமாக வழங்கப்பட்ட வாக்குறுதிகள் பின்னர் மறக்கப்படுகின்றன. வயிறார உண்பதே அவருக்கு அரிதாகிறது. புத்திராமின் மூத்த மகனுக்குத் திலகச் சடங்கு நடக்கும் நாளில் பூரி பொரியும் மணம் அவரது இருட்டறையை எட்டுகிறது. அவர் நகர்ந்து சென்று கடாயின் அருகே அமர்கிறார். புத்திராமின் மனைவி ரூபா ஏசி விரட்டுகிறாள். பின்னர் விருந்தினர் நடுவே வந்துவிட்டவரைப் புத்திராம் இழுத்துச் சென்று அறையில் தள்ளுகிறான். ஊரார் அனைவரும் உண்டு முடித்த பின்னும் அவரை எவரும் நினைக்கவில்லை. சிறுமி லாட்லி மட்டும் தன் பங்குப் பூரிகளைப் பொம்மைப் பெட்டியில் மறைத்து வைத்திருந்து நள்ளிரவுக்கு முன் கொண்டுவந்து தருகிறாள். பசி அடங்காத முதியவர் எச்சில் இலைகளில் கிடந்தவற்றைப் பொறுக்கி உண்ணும் காட்சியை ரூபா காண்கிறாள்.

இக்கதையில் மூன்று மொழிக்கூறுகள் கவனிக்கத்தக்கன. முதலாவது, தலைவிக்கு இயற்பெயர் தரப்படவில்லை. புத்திராம், ரூபா, லாட்லி ஆகியோர் பெயர் பெற்றுள்ளனர். சொத்துக்கு உரியவராக இருந்து பத்திரம் எழுதித் தந்தவர் மட்டும் வயதாலும் உறவாலுமே அறியப்படுகிறார். இரண்டாவது, காகீ என்பது உறவுமுறைச் சொல் என்னும் நிலையிலிருந்து பெயர் என்னும் நிலைக்கு நகர்ந்துவிட்டது. புத்திராமுக்கு அவர் காகீ. முறைப்படி பாட்டியாக வேண்டிய லாட்லிக்கும் அவர் காகீதான். உறவுச்சொல் சுட்டும் கடமை தேய்ந்துவிட்டது. சொல் மட்டும் வீடு முழுவதும் வழங்குகிறது. மூன்றாவது, கதைசொல்லி அவரை அறிமுகம் செய்யும் பகுதியில் உயர்வுப் பன்மையையே ஆள்கிறார்.

ரூபாவின் பேச்சு இன்னும் நுட்பமானது. ஏசும்போது அவள் ஆளும் முன்னிலை 'தும்' ஆகும். கதையின் முடிவில் உணவுத் தட்டுடன் வந்து பிழை பொறுக்க வேண்டும்போதும் அவள் 'தும்' நிலையிலேயே பேசுகிறாள். வடநாட்டுக் கிராமக் குடும்பங்களில் பெண்டிரிடையே வயது முதிர்ந்த உறவினரை நெருக்கம் கருதி இவ்வாறு விளிப்பது இயல்பு. ஆகவே வசையையும் வருத்தத்தையும் முன்னிலை இடப்பெயர் வேறுபடுத்திக் காட்டவில்லை. வேறுபாடு செயலில் உள்ளது: முதலில் கை விரட்டியது, பின்னர் உணவு கொணர்ந்தது.

கதையின் முடிவு குறித்து ஒரு மறுப்பும் கூறுதல் வேண்டும். ரூபாவின் மனமாற்றத்திற்கு இரு காரணங்கள் தரப்படுகின்றன. ஒன்று, பார்ப்பனப் பெண் ஒருவர் எச்சில் உண்ணும்படி நேர்ந்ததால் எழும் பாவ அச்சம். மற்றொன்று, ஆண்டுக்கு இருநூறு ரூபாய் வருவாய் தரும் சொத்தைத் தந்தவருக்கு இக்கதி நேர்ந்ததே என்னும் எண்ணம். கடனும் பாவமும் கணக்கிடப்படுகின்றன. அம்முதியவர் யார், வாழ்நாளில் என்ன கண்டவர் என்பது கணக்கில் வரவில்லை. முதுமையைக் குழந்தைப் பருவத்தின் மீள்வரவாகக் காணும் கதைசொல்லியின் நோக்கும் இதற்குத் துணைபோகிறது. தின்பண்டம் கண்டு அடியை மறக்கும் குழந்தையைப் போல அவர் எல்லாவற்றையும் மறந்து உண்பதாகக் காட்டுவதால், வாசகர் அவரிடம் மன்னிப்பை எதிர்பார்ப்பதும் எளிதாகிறது. பன்மை வினையால் உயர்த்தப்பட்டவர் உவமையால் சிறுவராக்கப்படுகிறார்.

மற்றொன்றும் இங்கே நினைத்தற்குரியது. முதியோர் புறக்கணிப்புக்கு நகர வாழ்வும் தனிக்குடும்பமுமே காரணம் என்பது பரவலான கருத்து. 'பூடீ காகீ' நிகழ்வது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த கிராமத்தில், உறவினர் சேர்ந்து வாழும் வீட்டில். எனவே அக்கருத்தை இக்கதை முழுமையாக ஏற்க இடந்தரவில்லை.

3. பயன்படும்போது மட்டும் காணப்படுபவர்

பீஷ்ம சாஹ்னியின் (1915–2003) 'சீஃப் கீ தாவத்' நாட்டு விடுதலைக்குப் பிந்திய நடுத்தர வகுப்பின் கதை. அலுவலகத் தலைவருக்கு விருந்தளிக்க ஷாம்நாத்தும் மனைவியும் வீட்டை ஒழுங்கு செய்கின்றனர். வேண்டாத பொருள்கள் அலமாரிகளின் பின்னும் கட்டில்களின் அடியிலும் மறைக்கப்படுகின்றன. அதன் தொடர்ச்சியாகவே, தாயை என்ன செய்வது என்னும் சிக்கல் எழுகிறது. தாய் எங்கே அமர வேண்டும், எந்த உடையை அணிய வேண்டும், நாற்காலியில் காலைத் தூக்கி வைக்கலாகாது, குறட்டை வரும் என்பதால் விரைவில் உறங்கலாகாது என மகன் கட்டளைகளை அடுக்குகிறான்.

இப்பகுதியில் 'மா' என்னும் விளி மீண்டும் மீண்டும் வருகிறது. விளி நின்றவுடன் வருவது ஏவல் வினை. தாயின் மறுமொழிகள் சிறியவை, பெரும்பாலும் இசைவு தெரிவிப்பவை. உரையாடலில் யார் தொடங்குகிறார், யார் முடிக்கிறார், யாருடைய கேள்விக்கு விடை கிடைக்கிறது என்று நோக்கினால் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பது விளங்கும். அன்புச்சொல்லான 'மா' கட்டளையின் தொடக்கக்குறியாக மாறிவிட்டது.

விருந்தில் நிகழ்வு வேறுவிதமாகத் திரும்புகிறது. மறைக்கப்பட வேண்டியவராக இருந்த தாயிடம் தலைவர் ஆர்வம் கொள்கிறார், நாட்டுப்பாடல் கேட்கிறார், பஞ்சாபின் பூத்தையல் கலையான புல்காரியை விரும்புகிறார். பார்வை மங்கிய தாய், மகனின் பதவி உயர்வுக்காகப் புல்காரி செய்து தர இசைகிறார். தம்மை ஹரித்வாருக்கு அனுப்பிவிடும்படி அவர் வேண்டுவது ஏற்கப்படவில்லை. தாய் பயன்படும் பொருளாகும்போது காணப்படுகிறார். ஆளாக நின்று ஒன்றைக் கேட்கும்போது காணப்படுவதில்லை.

மொழியியலார் இக்கதையை அயலார் கதையாகப் படித்தல் இயலாது. மரபுவழிக் கிளைமொழி ஆய்வு நெடுங்காலம் நாடிய தகவலாளிகள் யார் என்பதைச் சேம்பர்சும் டிரட்கிலும் 1980இல் சுட்டிக்காட்டினர்: இடம்பெயராத, முதிய, நாட்டுப்புற ஆடவர். பழைய வடிவங்களைக் காத்து வைத்திருப்பவர் என்பதால் முதியவர் தேடப்பட்டார். சொற்பட்டியல் நிரம்பியதும் ஆய்வாளர் புறப்பட்டுவிட்டால், அத்தேடலுக்கும் அலுவலகத் தலைவரின் புல்காரி ஆர்வத்திற்கும் வேறுபாடு மிகுதியாக இராது. முதியவரின் இன்றைய பேச்சு, மருத்துவரிடமும் வங்கியிலும் பேரப்பிள்ளைகளிடமும் அவர் பேசும் பேச்சு, பழஞ்சொல் அளவிற்கு ஆய்வுப்பொருளாகக் கருதப்படவில்லை என்றே தோன்றுகிறது.

4. மரியாதைப் பன்மையில் ஓர் ஏச்சு

உஷா பிரியம்வதாவின் 'வாப்சி' ('திரும்புதல்') கதையின் தலைவர் கஜாதர் பாபு. முப்பத்தைந்து ஆண்டுகள் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பிள்ளைகளின் கல்விக்காகக் குடும்பம் நகரில் இருக்க, அவர் பெரும்பாலும் தனியே நிலையக் குடியிருப்பில் வாழ்ந்தவர். வீடு திரும்பியவருக்கு அங்கே இடமில்லை. அவருடைய கயிற்றுக் கட்டில் முன்னறையில் நாற்காலிகளை ஒதுக்கி இடப்படுகிறது. பின்னர் ஊறுகாயும் போர்வைகளும் அடைந்த மனைவியின் சிற்றறைக்கு மாற்றப்படுகிறது. அவர் நுழையும்போது பிள்ளைகளின் சிரிப்பு நின்றுவிடுகிறது.

கதையின் மையம் எனத்தக்க ஓர் இடம் உண்டு. செலவைக் குறைக்கும் பொருட்டு அவர் வேலைக்காரனை நிறுத்திவிடுகிறார். பிள்ளைகள் தாயிடம் முறையிடுகின்றனர். அருகில் இருளில் படுத்திருக்கும் அவர் அதைக் கேட்கிறார். வயதானவர் பேசாமல் கிடக்காமல் எதிலும் தலையிடுவது ஏன் என்னும் பொருள்பட மூத்த மகன் அமர் முணுமுணுக்கிறான். மூலத்தில் இக்கூற்றின் வினைகள் அனைத்தும் உயர்வுப் பன்மையில் உள்ளன. இலக்கணத்தில் குறை காண இயலாது. ஒரு தந்தையைப் பற்றி மகன் பேச வேண்டிய வடிவத்தில்தான் அவன் பேசியிருக்கிறான். மரியாதை விகுதி மதிப்பின் சான்றன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

கதையின் இறுதியும் இவ்வாறே அமைகிறது. கஜாதர் பாபு சர்க்கரை ஆலை ஒன்றில் வேலை தேடிக்கொண்டு மீண்டும் புறப்பட்டுவிடுகிறார். மனைவி உடன் செல்லவில்லை. அவர் போனபின், நடக்கவும் இடமில்லை என்று சொல்லி அவருடைய கட்டிலை அறையிலிருந்து அகற்றும்படி மனைவி மகனைப் பணிக்கிறாள். அக்கூற்றிலும் அவர் 'பாபுஜீ'தான். 'ஜீ' என்னும் மரியாதை ஒட்டு நீங்கவில்லை, நீங்கியது கட்டில். பிரேம்சந்த் தந்த மனமாற்றத்தை இக்கதை தரவில்லை. முதுமை பற்றிய கதை என்னும் வகையில் இதுவே வலிமை மிக்கது எனலாம்.

5. தமிழாக்கத்தில் எழும் சிக்கல்கள்

இக்கதைகளைத் தமிழில் பெயர்ப்பவர் சில தெரிவுகளைச் செய்தே ஆகவேண்டும்.

அ. உறவுச்சொல். காகீ என்பதற்கு முறைப்படி நேரான சொல் சித்தி. ஆனால் தமிழில் சித்தி என்பது தாயின் தங்கையையும் மாற்றாந்தாயையும் குறிக்கும். மாற்றாந்தாய் என்னும் பொருள் கொடுமை செய்பவள் என்னும் நினைவை எழுப்பும். இக்கதையிலோ அவர் கொடுமைக்கு ஆளானவர். 'சின்னம்மா' இக்குறையைத் தவிர்க்கும். 'பாட்டி' என்று பெயர்த்தால் வாசிப்பு எளிதாகும். ஆயின் லாட்லி தன் தந்தையின் உறவுச்சொல்லையே ஆளுகிறாள் என்னும் செய்தி மறைந்துவிடும்.

ஆ. முதுமை அடை. கிழ, வயதான, முதிய, மூத்த ஆகியன ஒரே பொருளன அல்ல. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் கிழவன், கிழத்தி என்பன தலைவனையும் தலைவியையும் குறித்தன. உரிமை என்னும் பொருள் கிழமை, நிலக்கிழார் ஆகிய சொற்களில் இன்றும் தெரிகிறது. இன்றைய வழக்கில் கிழவி என்பது பல சூழல்களில் இழிவுக் குறிப்புடையது. அதனைத் தவிர்க்க எண்ணி 'மூதாட்டி' என்று பெயர்த்தால் செய்தித்தாள் நடை வந்து சேரும். பூடீ என்னும் சொல் வீட்டுப் பேச்சுக்கு உரியது. அதன் சாதாரணத் தன்மையே அங்கே பொருள். 'வயதான சின்னம்மா' என்பது அதற்கு அணுக்கமானது.

இ. படர்க்கை விகுதி. தமிழ்ப் புனைகதை மரபில் தந்தை பெரும்பாலும் -ஆர் ஈறும் தாய் -ஆள் ஈறும் பெறுவர். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) என்னும் நாவலின் தலைப்பே இதற்குச் சான்று. அங்கே -ஆள் ஈறு அவமதிப்பன்று. ஷாம்நாத்தின் தாய்க்கு மூலத்தில் உள்ள பன்மையை வைத்து ஒவ்வொரு வினையிலும் -ஆர் ஈற்றை இட்டால், மூலத்தில் இல்லாத விறைப்புத் தமிழில் தோன்றும். மாறாக, கஜாதர் பாபுவுக்கு -ஆர் ஈறு இயல்பாகவே பொருந்தும். எனவே மூலமொழியின் பன்மையை இலக்குமொழியின் பன்மையால் இயந்திர முறையில் ஈடுசெய்வது ஏற்புடையதன்று. பால் வேறுபாட்டால் தமிழில் தோன்றும் இச்சமனின்மையை மொழிபெயர்ப்பாளர் அறிந்தே கையாளுதல் வேண்டும்.

ஈ. அமரின் கூற்று. ஏச்சு என்றதும் 'கிழவன்' என்றோ, அஃறிணை முடிபு கொள்ளும் 'கிழம்', 'பெரிசு' என்றோ பெயர்க்கத் தோன்றும். முதியவரை அஃறிணையாக்கும் இவ்வழக்கு இந்தியில் இல்லாத, தமிழுக்கே வாய்த்த கருவி. பேச்சுத்தமிழில் அது கூர்மையாகவும் ஒலிக்கும். ஆனால் இங்கே அது பிழையாகும். அவமதிப்பு இலக்கணத்திலேயே வெளிப்பட்டுவிட்டால், மரியாதைக்குள் மறைந்திருந்த புறக்கணிப்பு என்னும் கதைப்பொருள் போய்விடும். மற்றொரு தடையும் உண்டு. மூலத்தில் உள்ள விருப்பு வினையின் பன்மை மரியாதையைக் காட்டுகிறது. தமிழில் 'இருக்கட்டும்', 'கிடக்கட்டும்' போன்ற வியங்கோள் வடிவங்கள் திணை, பால், எண் எவற்றையும் காட்டுவதில்லை. ஆகவே மரியாதையைப் பெயரில் ஏற்றி, 'வயதானவர்' அல்லது 'பெரியவர்' என எழுவாயை அமைத்து, தலையிடுதலைக் குறிக்கும் வினைக்கு -ஆர் ஈறு தருதல் தக்கது. அவ்வாறே ரூபா ஏசும்போது நீ என்றும் இரங்கும்போது நீங்கள் என்றும் மாற்றுவது, மூலம் செய்யாத ஒன்றை மொழிபெயர்ப்பு செய்வதாக முடியும்.

6. ஆட்சிமொழியில் மூப்பு

இதே போக்கு ஆட்சிமொழியிலும் காணப்படுகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஏறத்தாழ 10.4 கோடி, மொத்தத்தில் 8.6 விழுக்காடு. இவர்களைக் குறிக்க இந்தியில் 'வரிஷ்ட நாகரிக்', மராத்தியில் 'ஜ்யேஷ்ட நாகரிக்', வங்காளத்தில் 'பிரபீண் நாகரிக்', கன்னடத்தில் 'ஹிரிய நாகரிகரு', தமிழில் 'மூத்த குடிமக்கள்' ஆகிய தொடர்கள் வழங்குகின்றன. விருத்தர், கிழவர் போன்ற சொற்களின் இழிவை நீக்குவது இவற்றின் நோக்கம். மொழித்திட்டம் என்னும் வகையில் இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இத்தொடர்கள் வயதைப் பதவிப்படியாக மாற்றுகின்றன. உடல் தளர்ச்சி, வருவாயின்மை, தனிமை ஆகியவற்றைச் சுட்டும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை. 'மூத்த குடிமக்கள்' எனச் சுட்டப்படுவோர்க்கு இரயில்வே வழங்கிவந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் விலக்கப்பட்டது. சிறப்புப்பெயரில் மாற்றம் எதுவும் நிகழவில்லை.

பெற்றோர், மூத்த குடிமக்கள் ஆகியோரின் பராமரிப்பு, நலன் குறித்த 2007ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வகையில் வேறுபட்டது. பிள்ளையற்ற முதியவரின் சொத்தைக் கைக்கொண்ட அல்லது அதற்கு வாரிசான உறவினரையும் அது பொறுப்பாளராக்குகிறது. அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன் தரப்பட்ட சொத்தைப் பெற்றவர் அக்கடமையைச் செய்யத் தவறினால், உரிமை மாற்றத்தைச் செல்லாததாக அறிவிக்க அதன் 23ஆம் பிரிவு இடமளிக்கிறது. காகீயின் வழக்கு இதுவேயாகும். அவருக்குத் தரப்பட்டவை வாய்மொழி வாக்குறுதிகள் என்பதையும் நோக்க வேண்டும். அத்தகைய நிபந்தனை இருந்தது என நிறுவப்படுதல் வேண்டும் என 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இச்சட்டத்தின் நோக்கம் கருதித் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என 2025இல் கூறியது. எழுதப்பட்ட சொல்லுக்கும் சொல்லப்பட்ட சொல்லுக்கும் உள்ள எடை வேறுபாடு ஒரு முதியவரின் உணவைத் தீர்மானிக்கக்கூடும் என்பது இதனால் பெறப்படும்.

சட்டப்பெயரின் மொழிபெயர்ப்பும் ஒப்பிடத்தக்கது. இந்தி வடிவம் 'பரண்-போஷண்' என்கிறது. தாங்குதலும் ஊட்டுதலும் அதில் அடங்கும். தமிழில் வழங்கும் 'பராமரிப்பு' என்பது கட்டடத்திற்கும் இயந்திரத்திற்கும் பொதுவான சொல். 'பேணுதல்' என்னும் சொல் இருந்தும் அது வழக்கிலுள்ள இச்சட்டப்பெயரில் இடம்பெறவில்லை.

7. முடிவுரை

மரியாதை வடிவங்கள் பொருளற்றவை என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அவை இல்லாத இடத்தில் புறக்கணிப்பு இன்னும் வெளிப்படையாக இருக்கக்கூடும் என்னும் வாதத்தில் உண்மை உண்டு. அவை பேசுவோரின் எல்லையை வகுக்கின்றன. பிரேம்சந்தின் கதைசொல்லி ஆளும் பன்மையைப் போல ஓர் அறநிலைப்பாட்டையும் உணர்த்தக்கூடும். ஆனால் அவற்றை மட்டும் எண்ணி ஒரு சமுதாயம் முதியோரை மதிக்கிறது என்று முடிவு செய்தல் பொருந்தாது. மதிப்பு எங்கே உள்ளது எனக் காண விரும்பும் ஆய்வாளர் விகுதியோடு உரையாடலின் போக்கையும் நோக்க வேண்டும்: முதியவர் பேசத் தொடங்கும்போது பிறர் நிற்கிறார்களா, அவர் கேட்டதற்கு விடை வருகிறதா, அவரைப் பற்றிய முடிவு அவர் முன்னிலையில் எடுக்கப்படுகிறதா என்பன அளந்தறியக் கூடியவை. பல தலைமுறையினர் வாழும் வீடுகளின் இயல்பான பேச்சைப் பதிவு செய்து இவ்வாறு ஆராயும் பணி இந்திய மொழிகளில் விரிவாக மேற்கொள்ளப்படுதல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளருக்கும் இது பொருந்தும். மூலம் மரியாதையோடு ஒருவரைப் புறக்கணிக்கும் இடத்தில், இரக்கம் கருதி அதனை மென்மையாக்குவதும் சினம் கருதி அதனை வசையாக்குவதும் ஒருசேரத் தவிர்க்கத்தக்கன. கஜாதர் பாபுவின் கட்டில் 'பாபுஜீ'யின் கட்டிலாகவே வெளியேற்றப்படுதல் வேண்டும்.